முதல் உளவியல் ஆய்வு: படிவத்தை நீட்டும் முன் போட வேண்டிய கணக்கு

முதுகலை உளவியல் வகுப்புகளில் ஆண்டுதோறும் நடப்பது இது. நூற்றிருபது பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கியாயிற்று, எக்செல்லில் ஏற்றியாயிற்று. அதற்குப் பிறகுதான் "இதுக்கு என்ன டெஸ்ட் போடலாம்?" என்ற கேள்வி எழுகிறது. கூடவே, "எத்திக்ஸ் கமிட்டி லெட்டர் வேணுமாமே, இப்ப வாங்கிக்கலாமா?" என்று இன்னொன்று. இரண்டுக்கும் உரிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. புள்ளியியலைக் காசு கொடுத்து யாரிடமாவது ஓட்டி வாங்குவதும், நெறிமுறையை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக ஒட்டிவிடுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். இவை இரண்டும் உண்மையில் முடிவாவது முதல் படிவத்தை நீட்டும் முன்புதான்.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: கல்லூரி விடுதி மாணவர்களின் மன அழுத்தத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் தொடர்பு உண்டா?

1. கேள்வியை ஒரு வரிக்குள் அடக்குங்கள்

"விடுதி மாணவர்களின் மனநலம் – ஓர் ஆய்வு" என்பது தலைப்பாகலாம், கேள்வியாகாது. எதை அளக்கப்போகிறோம், யாரிடம், எந்தக் காலத்துக்கு என்ற மூன்றும் வரிக்குள் இருக்க வேண்டும். "விடுதியில் தங்கிப் படிக்கும் 18 வயது நிறைந்த இளங்கலை மாணவர்களிடம், கடந்த ஒரு மாத மன அழுத்த மதிப்பெண் கூடக்கூடத் தூக்கத்தின் தரம் குறைகிறதா?" இப்படி எழுதிவிட்டால் கருதுகோள், அளவுகோல், என்ன கணக்கு என்பதெல்லாம் பாதி தெரிந்துவிடும்.

தமிழில் செய்பவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. பேச்சிலும் பத்திரிகையிலும் "மன அழுத்தம்" என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. தேர்வு நெருக்கும்போது வரும் நெருக்கடியையும் அது குறிக்கிறது. சிகிச்சை தேவைப்படும் நோயான மனச்சோர்வையும் அதே சொல்லால் சொல்கிறார்கள். வினாத்தாளிலும் தகவல் தாளிலும் இரண்டையும் பிரித்து எழுதவில்லையென்றால், நீங்கள் ஒன்றைக் கேட்க, அவர்கள் வேறொன்றுக்குப் பதில் எழுதுவார்கள். எந்தக் கணக்கும் அதைப் பின்னால் சரிசெய்யாது.

2. அளவுகோல்: மதிப்பெண் எப்படி வருகிறது என்று கையால் போட்டுப் பாருங்கள்

மன அழுத்தத்துக்கு அதிகம் புழங்குவது கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட பி.எஸ்.எஸ். (உணரப்பட்ட மன அழுத்த) அளவுகோல். அதன் 10 கேள்வி வடிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 0 முதல் 40. இதில் 4, 5, 7, 8-ஆம் கேள்விகள் நல்லவிதமாகக் கேட்கப்பட்டவை. அவற்றைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்றால் 4, 1 என்றால் 3, இப்படியே. எக்செல்லில் "4 கழித்தல் மதிப்பெண்" என்று ஒரு புதிய நெடுவரிசையில் போடுங்கள். மூல நெடுவரிசையின் மேலேயே எழுதாதீர்கள். திருப்பியாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் பிறகு வந்தால் தீர்க்க வழியிருக்காது.

திருப்ப மறந்ததைக் காட்டிக்கொடுப்பது க்ரான்பாக் ஆல்ஃபா. ஓர் அளவுகோலின் கேள்விகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் இழுக்கின்றன என்பதன் அளவு அது. 0.70-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்கிறார்கள். 0.30 என்றோ, குறைக் குறியோடோ வந்தால் முதலில் திருப்பாத கேள்விகளைத் தேடுங்கள். அளவுகோலைக் குறை சொல்வது அதற்கு அப்புறம்.

இன்னொரு கள்ளத்தனம் ஆல்ஃபாவுக்கும் எளிதில் சிக்காது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடிப்பவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துக்கும் 0 போட்டவருக்குத் திருப்பிய நான்கு கேள்விகளால் மொத்தம் 16. பத்துக்கும் 4 போட்டவருக்கு 24. அதாவது, சும்மா கோடு இழுத்தவர்கள் எல்லோரும் 16-க்கும் 24-க்கும் நடுவில் சாதுவாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. பத்துப் பதில்களும் ஒன்றாக இருக்கும் வரிசைகளைத் தனியே வடிகட்டுங்கள். அவற்றை என்ன செய்வது என்பதை, தரவு கைக்கு வரும் முன்பே எழுதி வைத்திருங்கள்.

0–13 குறைவு, 14–26 நடுத்தரம், 27–40 அதிகம் என்று ஒரு பிரிவு இணையத்திலும் பழைய ஆய்வேடுகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்.எஸ். நோயறியும் கருவி இல்லை. அதற்கு வெட்டுப்புள்ளி கிடையாது. "62% மாணவர்களுக்கு அதிக மன அழுத்தம்" என்ற வகை வாக்கியத்தை எழுத இந்த அளவுகோல் இடம் தராது. மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்துக் கணக்கிடுங்கள்.

தமிழாக்கம் தேவையென்றால் இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். பிறகு ஏழெட்டு மாணவர்களிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "இல்லாமல் இல்லை" போன்ற இரட்டை எதிர்மறைகள் இங்கேதான் பிடிபடும். அனுமதியையும் மறக்க வேண்டாம். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாளான பி.ஹெச்.க்யூ-9-ஐ யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பெக்கின் மனச்சோர்வு அளவுகோல் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஜெராக்ஸ் எடுத்த பிரதி சீனியரிடமிருந்து வந்தது என்பது அனுமதி ஆகாது.

3. எத்தனை பேர்?

"எல்லாரும் 60 எடுக்குறாங்க" என்பது காரணம் இல்லை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நான்கு எண்களில் மூன்றைக் கொடுத்தால் நான்காவது கிடைக்கும்: எதிர்பார்க்கும் விளைவின் அளவு, இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழைக்கு இடம் தரும் எல்லை (வழக்கமாக 0.05), இருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் (வழக்கமாக 0.80), பங்கேற்பாளர் எண்ணிக்கை. இருமுனைச் சோதனைக்கு (கூடுவது, குறைவது இரண்டையும் பார்ப்பது) சில விடைகள்:

ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும், –1 முதல் 1 வரையிலான எண்) 0.30 இருக்கும் என்று எதிர்பார்த்தால் சுமார் 85 பேர். 0.20 என்றால் 194 பேர்.
இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது வேறுபாடு திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) பாதி (0.5) என்றால் குழுவுக்கு 64 பேர். 0.2 என்றால் குழுவுக்கு 394 பேர்.

விளைவு சிறியதாக ஆக, தேவைப்படும் ஆட்கள் எப்படிப் பெருகுகிறார்கள் என்று பாருங்கள். நம் ஆய்வுக்கு 85 வேண்டும். 15 சதவீதம் படிவங்கள் அரைகுறையாக வரும் என்று வைத்தால் 85-ஐ 0.85-ஆல் வகுத்து, 100 பேரை அணுக வேண்டும்.

முப்பது பேரோடு முடித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒட்டுறவு 0.30 என்றே வரட்டும். அதன் 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, –0.07 முதல் 0.60 வரை நீளும். "தொடர்பே இல்லாமலும் இருக்கலாம், பலமாகவும் இருக்கலாம்" என்பதுதான் அதன் பொருள். அதே 0.30 நூறு பேரிடம் வந்தால் இடைவெளி 0.11 முதல் 0.47. முப்பது பேரின் நேரத்தை வாங்கி, அவர்களது அந்தரங்கத்தைக் கேட்டு, கடைசியில் எதுவும் சொல்ல முடியாத ஆய்வைச் செய்வது புள்ளியியல் குறை மட்டும்தானா? நெறிமுறைக் குழுவில் (எத்திக்ஸ் கமிட்டி) விவரமறிந்தவர்கள் பங்கேற்பாளர் எண்ணிக்கைக்குக் கணக்குக் கேட்பது இதனால்தான்.

4. நெறிமுறைக் குழு

இந்தியாவில் உடல்நலம் சார்ந்த மனித ஆய்வுகளுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள்தான் அடிப்படை. சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. குழுவில் 7 முதல் 15 பேர். தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். முடிந்துபோன ஆய்வுக்குப் பின்தேதியிட்ட ஒப்புதல் கேட்காதீர்கள். கொடுப்பவர் இருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

குழு எப்போது கூடுகிறது என்பதை முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவில் "இந்தப் பத்தியைத் திருத்திக் கொடுங்கள்" என்று வந்தால், அட்டவணை அடுத்த பருவத்துக்குப் போய்விடும். கோப்பில் பெரும்பாலும் விடுபடுபவை மூன்று: மாணவர்களை அழைக்கும் வாட்ஸ்அப் செய்தியின் வாசகம், வினாத்தாளின் தமிழ் வடிவம், பங்கேற்பாளர் மனம் கலங்கினால் என்ன செய்வீர்கள் என்ற திட்டம்.

படிவத்தை யார் கொடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கொடுப்பவரின் அதிகாரம் மறுக்க விடாது. 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் தொடங்கிய, அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்ன ஆய்வில், 40 பேரில் 26 பேர், எதிர்முனையில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டும் 450 வோல்ட் வரை போனார்கள் (மின்சாரம் பொய், அவர்களுக்கு அது தெரியாது). நிறுத்த நினைத்தவர்களிடம், ஆய்வு தொடர வேண்டும் என்று ஒருவர் அமைதியாகச் சொன்னதுதான் அங்கே இருந்த அதிகாரம். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில், மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட சிறை ஆய்வு ஆறு நாளில் நின்றது. ஆய்வாளர் ஸிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேடமும் போட்டிருந்தார். எப்போது நிறுத்துவது என்று பார்க்க வெளியே நின்றவர் யாருமில்லை. இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியர் வகுப்பில் படிவத்தை நீட்டி "விருப்பம் இருந்தா நிரப்புங்க" என்றால் எத்தனை மாணவர் மறுப்பார்கள்? விடுதிக் காப்பாளர் கொடுத்தாலும் இதே கதைதான். மதிப்பெண்ணிலோ அனுமதிச் சீட்டிலோ கை வைக்க முடியாத ஒருவர் கொடுக்கட்டும். நிரப்பியதும் நிரப்பாததும் ஒரே மாதிரி மடித்து ஒரே பெட்டிக்குள் விழட்டும்.

ஒப்புதல் படிவத்தின் மொழி இப்படி இருந்தால் போதும்:

"விடுதி மாணவர்களின் மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஆய்வு இது. இரண்டு வினாத்தாள்கள், சுமார் 15 நிமிடம் ஆகும். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். நடுவில் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டாம். இதனால் உங்கள் மதிப்பெண்ணோ விடுதி இடமோ பாதிக்கப்படாது. உங்கள் பெயர் வினாத்தாளில் இருக்காது. பெயரும் குறியீட்டு எண்ணும் சேர்ந்த பட்டியல் ஆய்வு முடிந்த ஆறாம் மாதம் அழிக்கப்படும். அதற்குள் கேட்டால் உங்கள் பதில்களை நீக்கிவிடுவோம்."

எழுதியதைச் செயலிலும் காட்டுங்கள். "விட்டுவிடலாம்" என்று மேலே எழுதிவிட்டு, கூகுள் ஃபார்மில் எல்லாக் கேள்விகளையும் கட்டாயம் என்று வைத்தால் அந்த வாக்கியம் பொய். "சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு தெரிவைச் சேருங்கள். மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதி தானாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். "பெயர் இல்லை" என்று சொல்லிவிட்டு ஜிமெயில் முகவரிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல் வயது. முதலாம் ஆண்டில் சேரும்போது 17 வயதுதான் ஆகியிருக்கும் மாணவர்கள் பலர். 18 நிறையாதவருக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அவரது சம்மதமும் வேண்டும். அது முடியாதென்றால் "18 நிறைந்தவர்கள்" என்று வரம்பு வைத்து, படிவத்தின் முதல் கேள்வியாக வயதைக் கேளுங்கள்.

5. ஒன்பதாவது கேள்வி

மன அழுத்தத்தோடு மனச்சோர்வையும் அளக்கலாமே என்று பி.ஹெச்.க்யூ-9-ஐச் சேர்ப்பது வழக்கம். அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் இறந்துபோனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. நூறு பேரிடம் கேட்டால் சிலர் 0-க்கு மேல் குறிக்கத்தான் செய்வார்கள். அப்படிக் குறித்த படிவம் உங்கள் கையில் வந்தபின் என்ன செய்வீர்கள்?

பெயரில்லாப் படிவம் என்றால், ஒருவர் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று தெரியும். யார் என்று தெரியாது. பெயருள்ள படிவம் என்றால், இரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கு குறுக்கே நிற்கும். இதற்கு இரண்டே வழி. உங்கள் கேள்விக்கு அந்த வரி தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். எட்டுக் கேள்வி கொண்ட பி.ஹெச்.க்யூ-8 இதற்காகவே இருக்கிறது. தேவையென்றால், "உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகருக்குத் தெரிவிப்போம்" என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லுங்கள். படிவங்களை வாங்கிய அன்றே அந்த ஒரு கேள்வியைப் பாருங்கள். எக்செல்லில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூன்று வாரம் ஓடியிருக்கும். அழைக்க வேண்டிய ஆலோசகரிடம் முன்பே பேசி ஒப்புக்கொள்ளச் செய்திருக்க வேண்டும். எல்லாப் பங்கேற்பாளருக்கும், பதில் எதுவானாலும், கிழித்து எடுத்துப் போகும்படி ஒரு துண்டில் உதவி எண்களைக் கொடுங்கள். இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

6. கணக்குத் திட்டம், ஒரு பக்கத்தில்

முதல் படிவம் வரும் முன், எந்தக் கருதுகோளுக்கு எந்தச் சோதனை, யாருடைய தரவை எந்தக் காரணத்துக்காக விலக்குவோம், விடுபட்ட பதிலை என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் எழுதித் தேதியிடுங்கள். ஆய்வுத் திட்டங்களைப் பதிவுசெய்யும் ஓ.எஸ்.எஃப். (ஓப்பன் சயன்ஸ் ஃப்ரேம்வொர்க்) தளத்தில் இதை இலவசமாகப் பதியலாம். குறைந்தது வழிகாட்டிக்கு மின்னஞ்சலாவது அனுப்பி வையுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் கணினியில் செய்து காட்டினார்கள்: அப்பாவியாகத் தோன்றும் நான்கு சலுகைகளை (இரண்டு விளைவுகளில் நன்றாக வந்ததை எடுப்பது, முடிவைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது போன்றவை) ஒன்றாக எடுத்துக்கொண்டால், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5%-இலிருந்து 60%-க்கு மேல் போய்விடுகிறது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97% புள்ளியியல் முக்கியத்துவம் (பி மதிப்பு 0.05-க்குக் கீழே) காட்டியிருக்க, மறு ஆய்வில் 36%தான் காட்டின. ஏமாற்ற நினைத்தவர்கள் அதில் சொற்பமாகவே இருந்திருப்பார்கள். முடிவைப் பார்த்த பிறகு முடிவெடுத்தவர்களே அதிகமாக இருந்திருக்கலாம்.

7. தரவு ஏற்றுதல்

ஒவ்வொரு படிவத்துக்கும் குறியீட்டு எண் கொடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒரு கோப்பில், பதில்கள் வேறு கோப்பில், இரண்டுக்கும் கடவுச்சொல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எக்செல்லைப் பகிர்ந்து "யாராச்சும் செக் பண்ணுங்க" என்பது கூடவே கூடாது.

ஏற்றி முடித்ததும் எந்தச் சோதனையையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு, சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் ஐந்தையும் எடுங்கள். எட்டுப் பேரின் மன அழுத்த மதிப்பெண் இதோ: 14, 17, 18, 20, 21, 22, 24, 24. கூட்டினால் 160, சராசரி 20. விலக்கங்கள் –6, –3, –2, 0, 1, 2, 4, 4. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 86. அதை 7-ஆல் (எண்ணிக்கையில் ஒன்று குறைத்து) வகுத்தால் 12.29, வர்க்கமூலம் 3.5. இதுதான் திட்ட விலக்கம். மென்பொருள் இருந்தாலும் ஒரே ஒரு முறை இதைக் கையால் போட்டுப் பாருங்கள்.

இப்போது கடைசி 24-ஐக் கை தவறி 42 என்று தட்டிவிட்டீர்கள். சராசரி 22.25 ஆகிறது. திட்ட விலக்கம் 3.5-இலிருந்து 8.6-க்குத் தாவுகிறது. இடைநிலை மட்டும் அசையாமல் 20.5-இலேயே நிற்கிறது. சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவே திடீரென்று இடைவெளி விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. இந்த இடத்தில் அதிக மதிப்பு 42 என்பதே போதும்; 40-க்கு மேல் வரவே முடியாதே. இப்படி எல்லையை மீறாத தட்டுப்பிழைகளைப் பிடிக்க, பத்தில் ஒரு படிவத்தை வேறொருவர் மறுபடி ஏற்றி ஒப்பிடட்டும்.

8. சோதனை

இரண்டு மதிப்பெண்களின் தொடர்புக்குப் பியர்சன் ஒட்டுறவு. முதலில் புள்ளி வரைபடம் போடுங்கள், ஏறியோ இறங்கியோ ஒரே திசையில் வளைந்திருந்தாலோ ஓரிரு புள்ளிகள் தனியே நின்றாலோ, தரவரிசையை வைத்துப் போடும் ஸ்பியர்மேன் ஒட்டுறவு. இரண்டு தனிக் குழுக்களின் சராசரிக்கு டி-சோதனை (வெல்ச் வடிவம் பாதுகாப்பானது). ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்தால் இணை டி-சோதனை. மூன்று குழுக்களுக்கு அனோவா. ஆம்–இல்லை வகை எண்ணிக்கைகளுக்குக் கை-வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனை. முதல் ஆய்வுக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். ஜாஸ்ப், ஜமோவி என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களும் இலவசம், திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். தேட வேண்டியதில்லை.

பி மதிப்பைத்தான் அதிகம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். பி = 0.03 என்றால் "என் கருதுகோள் சரியாக இருக்க 97% வாய்ப்பு" என்று பொருளில்லை. உண்மையில் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன ஒட்டுறவு தற்செயலாக வர 3% வாய்ப்பு என்பதுதான் பொருள். தொடர்பு பெரிதா சிறிதா என்று அது சொல்லாது. அதனால் விளைவின் அளவையும் நம்பக இடைவெளியையும் கூடவே எழுதுங்கள். ஆண்–பெண், ஆண்டு, பாடப்பிரிவு, ஊர், தந்தையின் தொழில் என்று கிடைத்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டு 20 சோதனை ஓட்டினால், எதிலுமே ஒன்றுமில்லாதபோதும் குறைந்தது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64% வாய்ப்பு இருக்கிறது. ஆய்வேடுகளில் மக்கள்தொகை விவரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். ஓட்டியே ஆக வேண்டுமென்றால், எத்தனை ஓட்டினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுத்ததா, தூக்கமின்மை அழுத்தத்தைக் கூட்டியதா, இரண்டுக்கும் பின்னால் தேர்வு அட்டவணை இருக்கிறதா என்பதை ஒரே நாளில் எடுத்த தரவு சொல்லாது. "பாதிக்கிறது" என்று எழுத வரும் இடத்தில் "தொடர்புடையது" என்று எழுதுங்கள்.

9. எழுதும்போது

முக்கியத்துவம் வரவில்லையென்றால் அப்படியே எழுதுங்கள். 85 பேரோடு ஒழுங்காகச் செய்து தொடர்பு தெரியவில்லை என்பதும் செய்திதான். பயந்துபோய்ப் படிவங்களைத் தாங்களே நிரப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: புனைந்த எண்கள் அசலைப் போல இருப்பது கடினம். திட்ட விலக்கம் எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி ஒழுங்காக வந்துவிடக்கூடும். அசலில் அப்படி வருவது அபூர்வம். சராசரிகூடக் காட்டிக்கொடுக்கும். முழு எண்ணில் மட்டுமே பதில் வரும் ஒரு கேள்விக்கு 20 பேரின் சராசரி 3.47 என்று எழுதியிருந்தால் அது நடக்கவே முடியாதது. 69-ஐ 20-ஆல் வகுத்தால் 3.45, 70-ஐ வகுத்தால் 3.50, நடுவில் எதுவுமில்லை. கிரிம் என்று பெயர் பெற்ற இந்தச் சோதனைக்குக் கால்குலேட்டர் போதும். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டீடரிக் ஸ்டாபெல் தரவைப் புனைந்தது 2011-இல் வெளிவந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவரோடு சேர்ந்து எழுதிய, விஷயமே தெரியாத ஆராய்ச்சி மாணவர்களின் உழைப்பும் அதோடு போயிற்று.

வைவா முடிந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெயர்ப் பட்டியலை அழிக்கும் நாளைக் கைபேசி நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். அழிக்கும்போது மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் இருக்கும் பிரதிகளையும் தேடி அழியுங்கள்.